டப்பா யார் கையில்

அத்தியாயம் பதினான்கு

யுகாதிக்கு மறுநாள் பெங்களூர் அல்சூரில் இரண்டு இடங்களில் கூட்டம் தாங்காது. ஒன்று கறிக்கடை. இன்னொன்று ரங்கநாதன் வீட்டுக் கூடம்.

கறிக்கடைக் கூட்டமாவது பத்து மணிக்குக் கலைந்துவிடும்.

ஹொசதொடகு என்று கன்னடக்காரர்கள் சொல்லும் அந்த நாளில் என்ன செய்கிறோமோ, அதுவே வருஷம் முழுக்க நடக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஆகவே எல்லாரும் கறி தின்பார்கள். ஆகவே எல்லாரும் சூதாடுவார்கள். வருஷம் முழுக்க உழைக்க வேண்டும் என்பதற்காக அன்றைக்கு எந்த ஆம்பளையாவது உழைத்ததாகத் தகவல் இல்லை.

சொர்ணம் உழைத்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, கறி அலசி, மசாலா அரைத்து, பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்து, மூன்று மணிக்கு இரண்டாம் ஈடு கைமா உருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷமும் ஹொசதொடகு அன்று அவள் இதைத்தான் செய்தாள். வருஷம் முழுக்கவும் இதையேதான் செய்தாள். அவள் விஷயத்தில் அந்த நம்பிக்கை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவள் மாமனார் கட்டிய வீடு அது. மேல்மாடி மூத்தவர் ரங்கநாதனுக்கு, கீழ்த்தளம் இளையவன், அதாவது அவள் புருஷன் முனிராஜுக்கு என்று எழுதி வைத்த மனுஷன், தெருப்பக்கத்து அறையை மட்டும் ‘இருவருக்கும் பொது’ என்று விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். ஒன்பது வருஷம் அது குப்பையும் சைக்கிளும் போடும் இடமாக இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொர்ணம் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டாள். ஃபால்ஸ், பிகோ, ரவிக்கை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். முனிராஜின் கம்பெனியில் லே-ஆஃப் விட்ட எட்டு மாதமும் அந்த மிஷின் ஓடியதால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த அறைதான் ரங்கநாதனுக்கு இப்போது வேண்டும். அவருடைய மன்றத்துக்கு ஆபீஸ் போட.

“முடியாது” என்று கூட்டத்தில் சொர்ணம் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் முடியாது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு ரங்கநாதன் எழுந்து போனார். காபியைப் பாதியில் வைக்கிற ஆள் இல்லை அவர். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கூடத்திலிருந்து டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது. கூடவே ரங்கநாதனின் குரல். சர்க்கார் தொழிற்சாலையில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியும், குரல் இன்னும் ரிட்டயராகவில்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் நான்கு பதவிகள் இருந்தன. மூன்றின் முன்னால் ‘முன்னாள்’ என்று இருக்கும். நான்காவது, ‘தலைவர், மது–சூது ஒழிப்பு மன்றம்’.

அந்தத் தலைவர்தான் பத்து மணியிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இது சூது இல்லை, நாகேஷ்” என்று பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பையனுக்குக் காலையிலேயே விளக்கியிருந்தார். “காசைத் தெருவில் வச்சா சூது. வீட்டுக்குள்ள, குளிச்சுட்டு, சாமி கும்பிட்டுட்டு வச்சா அதுக்குப் பேரு சம்பிரதாயம்.”

சீட்டாட்டம் மட்டுமே பழகிய நாகேஷ், “நம்ம மனேல, வீட்டுல, கார்ட்ஸ்தான் சார். இது எப்படி ஆடுறது?” என்று கேட்டுத் தொலைத்தான்.

ரங்கநாதனிடம் எப்படி என்று கேட்கக் கூடாது. அரைமணி நேரம் போய்விடும்.

விஷயம் இவ்வளவுதான். தரையில் ஒரு மெழுகுத்துணி. அதில் ஆறு கட்டம், ஆறு படம்: கிரீடம், கொடி, ஹார்ட்டின், டைமன், ஸ்பேடு, கிளாவர். பெயின்டர் கிருஷ்ணப்பா எப்போதோ வரைந்து கொடுத்தது. மூன்று மரக்கட்டைகள், ஒவ்வொன்றின் ஆறு முகத்திலும் அதே ஆறு படம். பிடித்த படத்தில் காசை வைக்க வேண்டும். டப்பாக்காரர் கட்டைகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, தரையில் கவிழ்த்து, தூக்குவார். நீங்கள் வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த அளவுக்கு ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. எதிலும் விழாவிட்டால் காசு டப்பாக்காரருக்கு.

போலீஸ்காரர்கள் இதை லங்கர் கட்டை என்பார்கள். பிடித்தால் முட்டியைப் பெயர்ப்பார்கள். ரங்கநாதன் இதற்கு ‘இல்ல விளையாட்டு நெறிமுறைகள்’ என்று ஏழு விதிகள் எழுதி, டைப் அடித்து, லேமினேட் செய்து, கூடத்துச் சுவரில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

டப்பா எப்போதும் அவரிடம்தான். “டப்பா பிடிக்கிறது லாபத்துக்கில்லை. அது ஒரு சேவை” என்பார்.

எண்ணெயில் கைமா உருண்டை சிவந்துகொண்டிருந்தபோது லாவண்யா சமையலறைக்குள் ஓடி வந்தாள். சொர்ணத்தின் ஒரே பெண், பி.எஸ்ஸி. கடைசி வருஷம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

“அம்மா, அப்பா ரூமை வச்சுட்டார்.”

“எதை எங்க வச்சார்? நிதானமா சொல்லு.”

“நம்ம ரூம்மா. மிஷின் ரூம். கிரீடத்து மேல வச்சுட்டார்.”

சொர்ணத்தின் கையில் இருந்த ஜல்லிக்கரண்டி அப்படியே நின்றது.

“கையில இருந்த காசெல்லாம் போயிடுச்சு. பெரியப்பா சிரிச்சுக்கிட்டே, ‘காசில்லேன்னா என்னடா, ரூம்ல உன் பங்கு இருக்கே, ஐநூறு ரூபான்னு வச்சுக்கலாம்’னார். அப்பா உடனே சரின்னுட்டார்.”

“ஐநூறா!”

மசாலா நெடி போல மூக்கில் ஏறியது கோபம். அறையை வைத்ததைவிட அந்த ஐநூறுதான் அவளை முதலில் சுட்டது. பதினோரு வருஷ மிதி. குதிகாலில் ஆணி விழுந்த மிதி. போன தீபாவளிக்கு ஒரே வாரத்தில் தைத்த ரவிக்கைக்கூலி அதைவிட ஜாஸ்தி.

“அப்பறம்? போயிடுச்சா?”

“முதல் தடவை அப்பாதான்மா ஜெயிச்சார். கிரீடம் ஒண்ணு விழுந்தது. பெரியப்பா ஐநூறு எடுத்து வச்சார். அப்பா காசையும் தொடலை, ரூமையும் எடுக்கலை. ‘இருக்கட்டும்ணா, அப்படியே மறுபடி போடுங்க’ன்னுட்டார். ரெண்டாவது தடவை கிரீடம் வரலை. எல்லாம் போச்சு.”

ஜெயித்த மனுஷன் எதற்கு மறுபடி வைத்தான்?

கேள்வி ஒரு கணம் வந்து குத்தியது. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டாள். வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம்.

அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னத்தாயி நிமிர்ந்தாள். ரங்கநாதனின் மனைவி. முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்ததில் எதற்கும் அதிர்ச்சி அடையாத ஒரு நிலையை எட்டியிருந்தாள்.

“ரூமோட நிறுத்தினாரே, உன்னையும் சேத்து வைக்காம. சந்தோஷப்படு.”

“அக்கா, எனக்கு வயிறு எரியுது. நீங்க வேற.”

“எரியட்டும். ஆனா அடுப்படியில நின்னு எரிஞ்சா எண்ணெய்க்குத்தான் சூடு. கூடத்துக்குப் போய் எரி.” சின்னத்தாயி ஜல்லிக்கரண்டியை வாங்கிக்கொண்டாள். “நான் பாத்துக்கறேன் போ.”

“அம்மா, ஒண்ணு சொல்றேன்” என்றாள் லாவண்யா. “பெரியப்பா பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதின்னு சொல்றார் இல்ல? அது பாதி இல்லம்மா. கணக்கு போட்டா…”

“கணக்கெல்லாம் எனக்கு வேணாம். இருபத்திரண்டு வருஷமா இந்த நிலைப்படியில நின்னு காபி குடுத்துட்டிருக்கேன். காலையில கூடம் முழுக்க இருக்கிற சில்லறை, சாயங்காலம் ஒரே ஆள் மடியில இருக்கும். வருஷா வருஷம் ஆடுறவன் மாறுவான். மடி மாறினதே இல்ல.”

கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நேரே தெருப்பக்கத்து அறைக்குப் போனாள். மிஷின் டிராயரைத் திறந்தாள். பாபின், சாக்பீஸ், பட்டன், கீழே பிகோ காசு. முன்னூற்று நாற்பது ரூபாய், பாதி சில்லறை. அள்ளி மடியில் கட்டினாள்.

கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது ஆடிக்கொண்டிருந்த ஆறேழு பேரும் கைமா உருண்டைத் தட்டு வருகிறது என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்கள். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

முனிராஜ் அவளைப் பார்த்தான். உடனே கூரையைப் பார்த்தான். மின்விசிறியில் ஒட்டடை இருந்தது. அதை அவன் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தான்.

“என்ன சொர்ணம்?” என்றார் ரங்கநாதன். “டிபன் ஆயிடுச்சா?”

“ஆகுது மாமா. நானும் ஆடலாம்னு வந்தேன்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ரங்கநாதன் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தி அதை அடக்கினார். மேடையில் கைதட்டலை அடக்கிப் பழகிய கை. கைதட்டல்தான் அதிகம் வாய்த்ததில்லை.

“தாராளமா. பெண்கள் முன்னேற்றத்தைப் பத்தி நானே எத்தனை கூட்டத்துல பேசியிருக்கேன்! எந்தப் படத்துல வைக்கிறே? ஒரு ரூபா வை, ஆசைக்கு.”

“வைக்கலை மாமா. டப்பா பிடிக்கிறேன்.”

சிரிப்பு நின்றது.

“டப்பாவா? அம்மா, அது பொறுப்பான வேலை. எல்லாராலும்…”

“மூணு அடுப்பை ஒரே நேரத்துல பாத்துக்கறேன். ஒரு டப்பாவைப் பாத்துக்க மாட்டேனா?”

“அதுக்கில்லே. டப்பாக்காரர் கையில முதல் இருக்கணும். தோத்தா குடுக்கணுமில்ல?”

மடியை அவிழ்த்து முன்னூற்று நாற்பதையும் துணியின் ஓரத்தில் கொட்டினாள். சில்லறை உருண்டு ஓடி ரங்கநாதனின் முழங்காலில் மோதி நின்றது.

“லாவண்யா, சுவத்துல இருக்கே, அதுல நாலாவது என்ன போட்டிருக்கு? படி.”

லாவண்யா வானொலியில் செய்தி வாசிப்பவளைப் போல நிமிர்ந்து நின்று வாசித்தாள். “விதி நான்கு. டப்பா பிடிப்பது பொறுப்பே அன்றி ஆதாயம் அன்று. டப்பா பிடிப்பவருக்கும் பந்தயம் வைப்பவருக்கும் வாய்ப்பு சரிசமம் என்பதை அனைவரும் அறிவார்களாக.”

“நீங்க எழுதினதுதானே மாமா?”

“நான்தான். அதில் என்ன சந்தேகம்? ஆறு படம், மூணு கட்டை. பாதிக்குப் பாதி.” தன் வாக்கியம் ஒன்று உரக்க வாசிக்கப்பட்ட மகிழ்ச்சியில் ரங்கநாதன் தலையாட்டினார். எலிப்பொறிக்குள் தேங்காய்த்துண்டு எப்படி வந்தது என்று எலி ஆராய்வதில்லை.

“பாதிக்குப் பாதின்னா எந்தப் பக்கம் உக்காந்தா என்ன? நீங்க இத்தனை வருஷமா சேவை பண்ணிக் களைச்சுட்டீங்க. இன்னிக்கு ஒரு நாள் அந்தச் சேவையை நான் பண்றேன். நீங்க இந்தப் பக்கம் வந்து சந்தோஷமா ஆடுங்க.”

ரங்கநாதன் டப்பாவை மடியோடு இழுத்துக்கொண்டார். கொடுக்க முடியாது என்றால், ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் நாலாவது விதியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும்.

காலையிலிருந்து எண்பது ரூபாய் விட்டிருந்த நாகேஷ் ஆர்வமாக முன்னால் சாய்ந்தான். “குடுங்க சார். சமம்தானே?”

“கொடுங்கண்ணா” என்று வேறு இரண்டு பேரும் சொன்னார்கள். முனிராஜால் ஒட்டடை இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது.

டப்பா கை மாறியது.

சொர்ணம் அதை முதல் தடவையாகத் தூக்கினாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. இவ்வளவு லேசான ஒன்றை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் இந்த மனுஷர் இவ்வளவு பேசினார்?

“வைங்க” என்றாள்.

ரங்கநாதன் கொடியில் பத்து ரூபாய் வைத்தார். “தலைவனுக்குக் கொடி” என்று விளக்கமும் வைத்தார். குலுக்கல். கவிழ்ப்பு. தூக்கினாள். டைமன், டைமன், கிளாவர்.

பத்து போனது.

அடுத்த தடவை ஒரு கொடி விழுந்தது, பத்து கொடுத்தாள். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அடுத்து இருபது போனது. இன்னொரு இருபது போனது. பிறகு இரண்டு கொடி ஒன்றாக விழுந்து அவர் பக்கம் நாற்பது வந்தபோது அவர் தொடையைத் தட்டி, “பாத்தியா? இதான் விளையாட்டு!” என்று கூவினார். நாலே முக்கால் மணிக்கு அந்த நாற்பதும், அதற்கு மேல் இருநூற்றுச் சொச்சமும் சொர்ணத்தின் முன்னால் வந்து சேர்ந்திருந்தன.

அவள் ஒன்றும் செய்யவில்லை. குலுக்கினாள், கவிழ்த்தாள், தூக்கினாள். தைக்கும்போது இருக்கிற அதே முகம். ஊசி தன்பாட்டுக்குப் போகும், துணி தன்பாட்டுக்கு நகரும்.

“இன்னிக்குக் கட்டை சரியில்லை” என்றார் ரங்கநாதன்.

“கட்டை சரியாத்தான் இருக்கு பெரியப்பா” என்றாள் லாவண்யா. “மூணு கட்டையும் எப்படியெல்லாம் விழலாம்னு எழுதினா இருநூத்திப் பதினாறு வகை வரும். அதுல உங்க கொடி ஒண்ணுகூட இல்லாத வகை நூத்தி இருபத்தஞ்சு. உங்களுக்கு மிச்சம் தொண்ணூத்தொண்ணுதான். அது எப்படிப் பாதிக்குப் பாதி ஆகும்?”

“அப்படியா?” என்று நாகேஷ் திரும்பினான். காலையில் விட்ட எண்பது ரூபாய் அவன் கண்ணில் தெரிந்தது.

“காலேஜ் கணக்கெல்லாம் வீட்டுக்குள்ள வராது!” ரங்கநாதனின் குரல் ஏறியது. “நான் முப்பத்தஞ்சு வருஷம் ஃபேக்டரியில கணக்குப் பாத்தவன். சமம்னா சமம். போடு சொர்ணம்!”

அவருக்கு இப்போது பணம் பெரிதில்லை. ஹொசதொடகு அன்று தோற்று எழுந்தால் வருஷம் பூரா தோல்வி. ஊருக்கு மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றிப் பேசும் மனுஷர், உள்ளங்கையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஏழாவது விதி வேறு இருந்தது: விளக்கேற்றும் நேரத்தில் ஆட்டம் முடியும், அதுவரை நடந்தது நடந்ததே. விளக்கேற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஐந்து மணிக்கு அவர் சட்டைப்பை காலி. ஐந்து பத்துக்கு மாடி அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொன்னதும் காலி.

“காசு வேணாம்” என்றார் திடீரென்று. “ரூமை வைக்கிறேன். மொத்த ரூம். என் பங்கு, முனி மத்தியானம் விட்ட பங்கு, ரெண்டும். கொடி விழுந்தா இங்க இருக்கிற மொத்தக் காசும் எனக்கு.”

“நான் கேக்கலை மாமா. வைக்கறது நீங்க.”

“வாக்குன்னா வாக்கு!”

சொர்ணம் கட்டைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் எறிந்தாள். கோபம்தான். யாருடைய அறையை யார் வைப்பது? முதலில் தம்பி வைத்தான். இப்போது அண்ணன் வைக்கிறார். பதினோரு வருஷம் அதில் உட்கார்ந்து மிதித்தவளிடம் ‘வைக்கலாமா’ என்று இரண்டு பேரில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. அவளுக்குள் ஒன்று ஏற்கனவே முடிவாகிவிட்டிருந்தது. கொடி விழுந்தாலும் சரி, மூன்று கொடி சேர்ந்தே விழுந்தாலும் சரி, மிஷின் அந்த அறையிலிருந்து ஓர் அங்குலம் நகராது. வாக்குத் தவறியவள் என்று ஊர் சொல்லட்டும். ஆனாலும் விழாமல் இருந்தால் நன்றாக இருக்கும். இந்த மனுஷர் தன் விதியில் தானே தடுக்கி விழுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

குலுக்கினாள். கவிழ்த்தாள்.

தூக்கினாள்.

ஸ்பேடு. ஹார்ட்டின். ஸ்பேடு.

ரங்கநாதன் மூன்று கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவது கட்டை எங்காவது உருண்டு போயிருக்குமோ என்பதுபோலத் தரையையும் பார்த்தார்.

சின்னத்தாயி நிலைப்படியில் வந்து நின்றாள். “கைமா ஆறிடுச்சு. யாருக்காவது வேணுமா?”

“எனக்குக் குடுங்கக்கா” என்றாள் சொர்ணம். “காலையிலேருந்து சாப்பிடலை.”

தட்டு வந்தது. அந்தக் கூடத்தில் முதல் தடவையாக, ஆம்பளைகளுக்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே ஓர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டாள். உப்பு கொஞ்சம் கம்மி. ஆனாலும் அமிர்தமாக இருந்தது.

இரண்டாவது உருண்டையை எடுக்கும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

“சார்! ரங்கநாதன் சார்!”

பெயின்டர் கிருஷ்ணப்பா. கேரியரில் குறுக்காகக் கட்டியிருந்த, செய்தித்தாள் சுற்றிய ஒரு நீளமான தகரத்தை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“இன்னிக்கு ஹப்பா, பண்டிகைன்னு கடை லீவு. ஆனா சாயங்காலம் கட்டாயம் வேணும்னு சொன்னீங்களேன்னு கொண்டாந்துட்டேன். எங்க மாட்டணும்? ஆணி எல்லாம் கையிலேயே இருக்கு.”

“அப்புறம்… அப்புறம் வா கிருஷ்ணப்பா” என்றார் ரங்கநாதன். எழுந்திருக்கப் பார்த்தார், ஏழு மணி நேரம் சம்மணம் போட்ட கால் ஒத்துழைக்கவில்லை.

கிருஷ்ணப்பா அதற்குள் பேப்பரைக் கிழித்துவிட்டிருந்தான். தன் வேலையைக் காட்டுவதில் கலைஞனுக்கு உள்ள ஆசை. மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, இன்னும் வார்னிஷ் வாசனை.

மது–சூது ஒழிப்பு மன்றம்.
தலைமை அலுவலகம்.

கீழே இந்த வீட்டு நம்பர், தெருவின் பெயர். ‘தெருப்பக்க அறை’ என்றுகூடப் போட்டிருந்தது.

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. கட்டை உருட்டி ஜெயித்த அறையில் சூது ஒழிப்பு மன்றம்! அதுவும் கட்டை உருளுவதற்கு முன்னாலேயே எழுதிய போர்டு!

“இது எப்ப ஆர்டர் குடுத்தது கிருஷ்ணப்பா?”

“பத்து நாள் ஆச்சும்மா. யுகாதி மறுநாள் சாயங்காலம் ரூம் ரெடியா இருக்கும், அன்னிக்கே மாட்டணும்னு சொன்னாரு.” அவன் திரும்பி, கூடத்து மூலையில் இருந்தவனைப் பார்த்து உரிமையோடு சிரித்தான். “முனிராஜ் சார், நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே போட்டிருக்கேன். பேரு பளிச்சுன்னு தெரியணும்னீங்களே, பாருங்க.”

அப்போதுதான் சொர்ணம் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்தாள்.

தலைவர்: ரங்கநாதன்.
பொதுச் செயலாளர்: முனிராஜ்.

கையில் இருந்த கைமா உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

ஜெயித்த மனுஷன் எதற்கு மறுபடி வைத்தான்? இப்போது பதில் சிவப்பு எழுத்தில், மஞ்சள் தகரத்தில், ஆணியோடு வந்து நின்றது. தோற்கும் வரைக்கும் வைப்பதாகத்தான் ஏற்பாடு. பத்து நாளைக்கு முன்னாலேயே அறையைக் கொடுத்தாகிவிட்டது. அவளிடம் சொல்ல மட்டும் தைரியம் இல்லை. கட்டை மேல் பழியைப் போட்டுவிட்டால், ‘விதி, என்ன பண்றது’ என்று சேர்ந்து உச்சுக்கொட்டலாம். ஐநூறுகூட இல்லை. ஒரு பதவிக்கு. சம்பளம் இல்லாத, நாற்காலிகூட இல்லாத ஒரு பதவிக்கு.

லே-ஆஃப் விட்ட அந்த எட்டு மாதம் ராத்திரி பகலாக மிதித்த காலை அவள் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“சொர்ணா…” முனிராஜ் ஆரம்பித்தான். “அண்ணன்தான்… ஒரு மரியாதைக்கு… நான் உன்கிட்ட சொல்லணும்னுதான்…”

“சொல்ல வேணாம்.” தட்டை ஒதுக்கினாள். தண்ணீர் விட்டுக் கையைத் தட்டிலேயே கழுவினாள். மூன்று கட்டைகளையும் பொறுக்கி டப்பாவில் போட்டாள். துணியை இழுத்து நேராக்கினாள். “இங்க வந்து உக்காருங்க.”

“எதுக்கு?”

“விளக்கேத்த இன்னும் அரைமணி இருக்கு. இன்னிக்கு என்ன நடக்குதோ அதான் வருஷம் பூரா. உங்க அண்ணன் ரூல்தான். வாங்க.”

வந்து உட்கார்ந்தான். அவளுக்கு நேர் எதிரே, இவ்வளவு கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில் அவன் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

“என்கிட்ட காசில்லையே” என்றான்.

“காசு யாருக்கு வேணும்? அந்தப் போர்டுல கடைசி வரி இருக்கு பாருங்க, பொதுச் செயலாளர். அதை வைங்க. நீங்க ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. நானே மிஷினைத் தூக்கி வெளியில வைக்கிறேன். தோத்தா, கிருஷ்ணப்பா இங்கேயே அந்த வரி மேல பெயின்ட் அடிச்சுட்டுப் போகட்டும்.”

“பெயின்ட் இருக்கும்மா” என்றான் கிருஷ்ணப்பா, எதற்கு என்று புரியாமலே.

முனிராஜ் போர்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு அவன் கை, தானாக, பழக்கதோஷத்தில், கிரீடத்தை நோக்கி நகர்ந்தது.

“முனி!”

ரங்கநாதன் கத்தியேவிட்டார். சுவரில் நாலாவது விதி பளபளத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகேஷ் எல்லாருக்கும் முன்னால்.

“வைக்காதேடா” என்றார், குரல் இறங்கி. “டப்பா அவ கையில இருக்கு.”